புழு இல்லாத குற்றம்

“மேடம், இதுவரைக்கும் நாம திருடனைத் தேடியிருக்கோம், ஓடிப்போன மாப்பிள்ளையைத் தேடியிருக்கோம், ஒரு தடவை கழுதையைக்கூடத் தேடிப் பிடிச்சோம். புழுவைக் கொன்னவனைத் தேடுறது இதுதான் முதல் தடவை” என்றான் ஸ்பீக்கர்.

பருத்திச் செடிகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஷூவிலிருந்து மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தான். வாய் மூடாத குற்றத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் விழுந்த பட்டப்பெயர் அது. இப்போது அவன் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

மேடம் ஒரு செடிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் சேதம் மதிப்பிடும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, சைக்கிள் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். ஊரில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவரிடம் பூதக்கண்ணாடி இருந்ததே இல்லை. மூக்குக்கண்ணாடிதான். அதற்கும் ஒரு காம்பு உடைந்து நூல் கட்டியிருந்தது.

“நீங்க மருந்து அடிக்கலைன்னு நான் நம்பணும்” என்றார், திரும்பாமலே. “அதுக்கு முதல்ல நீங்க எல்லாத்தையும் சொல்லணும்.”

பின்னால் நின்ற ஹோட்டல்காரம்மா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அவள் ஹோட்டல் எதுவும் நடத்தவில்லை. நாற்பதைத் தாண்டியவள், கணவனை இழந்தவள், விவசாயிகள் சங்கத்தின் குத்தகை நிலத்தில் ஓர் அறை வீட்டில் தனியாக இருப்பவள். அந்த வட்டாரம் முழுக்க விளைவது மரபணு மாற்றிய பருத்தி. செடியே தன் இலையிலும் காயிலும் விஷத்தைத் தயாரித்துக்கொள்ளும். கடிக்கிற காய்ப்புழு செத்துப்போகும். ஆனால் எங்கோ ஒரு புழு அந்த விஷத்தையும் தின்று செரித்துவிட்டு அந்துப்பூச்சியாகிப் பறக்கும். அப்படிப் பிழைத்த இரண்டு பூச்சிகள் ஜோடி சேர்ந்தால் பிறப்பதெல்லாம் விஷத்துக்கு அசையாத கூட்டம். அதற்காகத்தான் சங்கம் வருடாவருடம் எல்லோர் நிலத்துக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் மட்டும் சாதாரணப் பருத்தியைப் போடச் சொல்லி, மருந்து அடிக்காமல் புழுவை வாழவிட்டது. காகிதத்தில் அதன் பெயர் அடைக்கலத் தோட்டம். ஊர் வாயில் புழு ஹோட்டல். அதைப் பார்த்துக்கொண்டவள் ஹோட்டல்காரம்மா.

“எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க” என்றான் ஸ்பீக்கர். “விஷத்தைத் தாங்குற மாப்பிள்ளைக்கு விஷம் தாங்காத வீட்டுல பொண்ணு எடுக்கிறோம். பிறக்கிற பிள்ளை அம்மா மாதிரி இருக்கும். விஷச் செடியைக் கடிச்சா செத்துடும். நீங்க பூச்சிக்குக் கல்யாணத் தரகர்.”

“அதேதான்.”

“பொண்ணு கிடைக்கலைன்னா?”

“தாங்குறவனும் தாங்குறவளும் கட்டிக்குவாங்க. அப்புறம் எந்தச் செடியும் நிற்காது” என்றாள் ஹோட்டல்காரம்மா. “இப்ப அதான் நடக்குது. பக்கத்து நிலத்துல எல்லாம் காய்க்குள்ள புழு உயிரோட இருக்கு. சங்கத் தலைவர் ஆளோட வந்து என் தோட்டத்தைப் பார்த்தார். ஒரு புழு இல்லை. முழு விளைச்சலுக்கு ஆசைப்பட்டுத் திருட்டுத்தனமா மருந்து அடிச்சு, பொண்ணு வீட்டையே காலி பண்ணிட்டேன்னு சொல்லிட்டார். இன்னைக்கு மத்தியானம் கூட்டம். நிலத்தைத் திருப்பி எடுத்துக்குவாங்க. வீடும் நிலத்தோட போயிடும்.”

“அடிக்கணும்னு உங்களுக்குத் தோணினதே இல்லையா?” என்று கேட்டார் மேடம்.

அவள் செடிகளைப் பார்த்தாள்.

“முதல் வருஷம் தோணுச்சு. கண் முன்னாடி காயெல்லாம் ஓட்டையாகுறதைப் பார்த்து அழுதிருக்கேன். அப்புறம் பழகிடுச்சு. இந்த வருஷம்தான் புழுவே வரல. செடி அவ்வளவு அழகா வந்துச்சு. நான் சந்தோஷப்பட்டேன் மேடம். ஏன் வரலைன்னு அப்பவே சங்கத்துல போய்ச் சொல்லியிருக்கணும். சொன்னா என்னைத்தான் சந்தேகப்படுவாங்கன்னு வாயை மூடிட்டேன். மருந்து அடிக்கலை. ஆனா தப்பு பண்ணலைன்னு சொல்ல முடியலை.”

மேடம் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். “ஸ்பீக்கர், இந்த இலையில என்ன இருக்கு?”

“அசுவினி. பச்சையா, பொடிப்பொடியா.”

“அதுக்குப் பக்கத்துல?”

“எறும்பு. அப்புறம் ஒரு பொறிவண்டு, முதுகுல புள்ளி வெச்சு ஜம்முன்னு இருக்கு. நடுவுல சிலந்தி வலை. என் சட்டையிலயும் கொஞ்சம் வலை.”

“மருந்து அடிச்சிருந்தா இதுல யார் செத்திருக்கணும்?”

“பாரபட்சம் இல்லாம எல்லாரும்.”

“செத்தது?”

ஸ்பீக்கர் வாயைத் திறந்து, மூடினான். அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. “புழு மட்டும்.”

“வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒரே ஒரு ஆளை மட்டும் தேடிப்போய்க் கொன்னிருக்கு. அப்படி ஆள் பார்த்துக் கொல்ற விஷம் இந்த வட்டாரத்துல எங்க இருக்கு?”

ஹோட்டல்காரம்மா மெதுவாகத் திரும்பி வரப்புக்கு அந்தப்பக்கம் இருந்த நிலத்தைப் பார்த்தாள். “அந்தச் செடிக்குள்ள” என்றாள். பிறகு தன் கையில் உரசிக்கொண்டிருந்த இலையைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

மேடம் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். இலையைக் கிள்ளிப் போட்டுக் கசக்கி, நாலு சொட்டு மருந்துநீர் விட்டு, விதை ஆய்வகத்திலிருந்து வாங்கி வந்திருந்த காகிதப் பட்டையை அதில் நிறுத்தினார். சற்று நேரத்தில் பட்டையில் ஒரு கோடு தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று.

“ரெண்டு கோடு” என்றான் ஸ்பீக்கர். “வாழ்த்துச் சொல்லலாமா மேடம்?”

“செடி மாசமா இல்லை. பொய் சொல்லிக்கிட்டு நிக்குது. இது விஷப் பருத்தி.”

“இருக்கவே முடியாது” என்றாள் ஹோட்டல்காரம்மா. “விஷ விதைக்கு நீலச் சாயம் போட்டுத்தான் சங்கக் கிடங்குல வெப்பாங்க, மாறிப்போகக் கூடாதுன்னு. எனக்கு வந்தது சாயமில்லாத வெறும் விதை. என் கையாலதான் ஊன்றினேன்.”

“யார் கொண்டுவந்து கொடுத்தாங்க?”

“எங்க அண்ணன். கிடங்குப் பொறுப்பு அவர்தான். அவர் தப்பு பண்ண மாட்டார்.”

“விதை எப்படி இருந்துச்சு?”

“சுத்தமா இருந்துச்சு. நல்ல வாசனைகூட அடிச்சுது.”

“விதையில வாசனையா?” என்றார் மேடம். “என்ன வாசனை?”

அவள் கண்ணை மூடி யோசித்தாள். “எலுமிச்சை. துவைச்சுக் காயப்போட்ட துணியை மடிக்கும்போது வருமே, அது.”

ஸ்பீக்கர் ஏற்கெனவே வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்தான். “விதை குளிச்சுட்டு வந்திருக்கு மேடம். யார் குளிப்பாட்டினாங்கன்னு கேட்போம்.”

*

சங்கக் கிடங்கு தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். உள்ளே ஒரு பக்கம் நீல மூட்டைகள், ஒரு பக்கம் வெறும் மூட்டைகள், நடுவில் ஆள் உயரத்துக்குக் கம்பித் தடுப்பு. ‘ஈரம் கூடாது’ என்று சுவருக்குச் சுவர் எழுதியிருந்தது. ஹோட்டல்காரம்மாவின் அண்ணன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, பொத்தான் கழுத்துவரை போட்ட சட்டை. தங்கைக்கும் அவருக்கும் ஒரே மாதிரிப் புருவம்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. “உங்க தங்கச்சி தோட்டத்துல நிக்கிறது விஷப் பருத்தி. விதை மாறியிருக்கு.”

“நான்தான் மாத்தினேன்” என்றார் அவர்.

ஸ்பீக்கர் மேடத்தைப் பார்த்தான். “இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சா பெட்ரோல் காசுகூடக் கேட்க முடியாது மேடம்.”

“ஏன் மாத்தினீங்க?”

“தங்கச்சி நிலம் மட்டும் ஏன் புழு தின்னணும்? மாத்திட்டேன். சங்கத்துல நானே சொல்லிக்கிறேன். நீங்க போகலாம்.”

அவர் குரலில் பதற்றம் இல்லை. பல நாள் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்தவரைப்போல இருந்தது. மேடம் எழுந்து போய் நீல மூட்டை ஒன்றில் கையை விட்டு ஒரு பிடி விதை அள்ளினார். கதவோரம் கை கழுவும் குழாய் ஒன்று இருந்தது. அதன் கீழே விதையை வைத்துத் தேய்தேயென்று தேய்த்தார். தண்ணீர் தெளிவாகவே ஓடியது. விதை முன்னைவிடப் பளிச்சென்று நீலமாக மின்னியது.

“சாயம் போகலையே” என்றார்.

“ஊற வெச்சேன்.”

“எங்கே? இங்கேயா? ஒரு சொட்டு ஈரம் படக் கூடாதுன்னு நீங்களே நாலு சுவர்லயும் எழுதி வெச்சிருக்கீங்க.”

அவர் சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தார்.

“சரி, என்ன சோப்பு போட்டீங்க?”

“சோப்பா?” என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் மாட்டிக்கொண்டது அவருக்கே தெரிந்தது. மீசையைத் தடவிக்கொண்டு மேசையைப் பார்த்தார்.

“சார், பொய் சொல்றது உங்களுக்குப் பழக்கம் இல்லை” என்றான் ஸ்பீக்கர். “எங்க மாமா ஒருத்தர் இருக்கார், ஒரு வாரம் அனுப்பி வைக்கவா?”

மேடம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். “விதை மூட்டை கிடங்குல இருந்து நேரா தங்கச்சி வீட்டுக்குப் போகலை. நடுவுல ஒரு ராத்திரி உங்க வீட்டுல இருந்திருக்கு. இல்லையா?”

“எழுதிக்குங்க” என்றார் அவர். குரல் இப்போதுதான் உடைந்தது. “நான்தான்னு எழுதிக்குங்க. வீட்டுக்கு மட்டும் போகாதீங்க.”

*

வீடு வாய்க்காலுக்கு அந்தப்பக்கம், வட்டாரத்தின் ஓரத்தில் இருந்தது. வண்டியில் போகும்போது ஸ்பீக்கர் தான் விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னான். டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அவனுக்கு ஊரின் பாதிக் கதை வந்துவிடும்.

“அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது மேடம். விதவையா வந்து நின்ன நாத்தனாரை வீட்டுல சேர்க்கலையாம். அதிலிருந்து வழியில பார்த்தா ‘நல்லா இருக்கீங்களா’, ‘இருக்கேன்’. அதோட சரி. அவங்க பேசுறதைக் கேட்டா ரெண்டு பேங்க் மேனேஜர் பேசுற மாதிரி இருக்குமாம்.”

“அப்போ கோபம்” என்றார் மேடம்.

“பழைய கோபம். நல்லா ஊறினது.”

மேடத்துக்கும் அப்படித்தான் பட்டது. நாத்தனாருக்கு ஊரில் கிடைத்திருந்த ஒரே இடம் அந்தத் தோட்டம். அதையும் பறிக்க வேண்டுமென்றால் மருந்துகூட வேண்டாம், விதையை மாற்றினால் போதும். பழி தானாக அவள் தலையில் விழும். கணவன் அதைக் கண்டுபிடித்துவிட்டு, வெட்கத்தில் தானே ஏற்றுக்கொள்கிறான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

வீட்டின் பக்கவாட்டில் துணிக்கொடி. அதில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. காற்று அதை இவர்கள் பக்கம் உப்ப வைத்தபோது எலுமிச்சை வாசனை வந்தது. விரிப்பு முழுக்க வெளிறிய நீலப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு விதை அளவு.

அண்ணி வாளியோடு பின்பக்கத்திலிருந்து வந்தாள். உயரமானவள், முழங்கைவரை ஈரம்.

“அழகா இருக்கே” என்றான் ஸ்பீக்கர், விரிப்பைக் காட்டி. “வாங்கினதா, வீட்டுலயே போட்டதா?”

அண்ணி விரிப்பைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். “எத்தனை தடவை துவைச்சாலும் போகலை” என்றாள்.

“விதையில இருந்து போச்சே?”

“கொதிக்கிற தண்ணி ஊத்தினா விதை செத்துடும். வெதுவெதுப்பான தண்ணியில சோப்புத் தூளைக் கரைச்சு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சேன். கொஞ்சம் கொஞ்சமா. அவர் அன்னைக்கு வெளியூர் போயிருந்தார். விடியுற வரைக்கும் ஆச்சு.”

மேடம் தயாராக வைத்திருந்த கேள்வியைக் கேட்டார். “நாத்தனாரைக் கவிழ்க்கணும்னு அவ்வளவு மெனக்கெட்டீங்களா?”

அண்ணியின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அது கோபம் இல்லை. அவள் வாளியின் பிடியைப் பிடித்துக்கொண்டாள். “ஆமா” என்றாள். “அப்படியே வெச்சுக்குங்க. அவளைக் கண்டா எனக்கு ஆகாது. ஊருக்கே தெரியும்.”

இன்று இரண்டாவது முறையாக ஒருவர் தட்டுமுன் கதவைத் திறக்கிறார் என்று மேடத்துக்குத் தோன்றியது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்களிடம் ஒரு தயக்கம் இருக்கும். இந்த வீட்டில் கணவனும் மனைவியும் போட்டி போட்டுக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள்.

“ஒரு சந்தேகம்” என்றார் மேடம். “உங்க நாத்தனாருக்கு நீங்க கொடுத்தது நீல விதை. அது எங்கிருந்து வந்துச்சு?”

“எங்க நிலத்துக்கு வந்த விதை.”

“அப்போ அவங்களுக்கு வந்த வெறும் விதை எங்கே?”

அண்ணி வீட்டுக்குப் பின்னால் போகும் பாதையை மறைத்தாற்போல ஓர் அடி நகர்ந்து நின்றாள். அந்த ஓர் அடியே போதுமானதாக இருந்தது. மேடம் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார். ஸ்பீக்கர் முன்னால் ஓடினான்.

பின்னால் இருந்தது சின்ன நிலம்தான். பருத்தி இடுப்புயரம் நின்றது. ஆனால் அது நின்ற லட்சணம் பரிதாபமாக இருந்தது. காய்க்குக் காய் ஓட்டை. பூக்கள் விரியாமலே கருகி உதிர்ந்து கிடந்தன. ஸ்பீக்கர் ஒரு காயைப் பிளந்தான்.

“மேடம், புழு” என்றான். வாழ்நாள் முழுக்கத் தேடியதைக் கண்டவன்போல அடுத்ததைப் பிளந்தான். “இங்கேயும். கொழுகொழுன்னு, என் அக்கா பையன் மாதிரி. மேடம், காணாமப் போன ஹோட்டல் இங்க நடக்குது.”

மேடம் அந்த வரிசைகளைப் பார்த்தபடி நின்றார். சேதம் மதிப்பிட்டுப் பழகிய கண். எதைப் பார்த்தாலும் இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் முதலில் பார்க்கும். இன்று காலையிலிருந்து அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

வாசல் பக்கம் மோட்டார் பைக் சத்தம் கேட்டது. அண்ணன் வந்துவிட்டார். பைக்கைச் சரியாக நிறுத்தக்கூட இல்லாமல் பின்பக்கத்துக்கு ஓடிவந்து மனைவிக்கு முன்னால் நின்றார். “அவளை விட்டுடுங்க. ஏதோ ஆத்திரத்துல செஞ்சுட்டா. எங்க நிலத்துல விதை ஊன்றினதும் அவதான். செடியைப் புழு தின்னதைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. வெளியில சொல்ல வாய் வரலை. என் கூடப்பிறந்தவளுக்கு என் பெண்டாட்டியே...”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றார் மேடம். “நினைச்சதோட நிற்காம உங்க மனைவி முகத்துக்கு நேராவும் சொன்னேன். தப்பு என்னுது. கெடுக்க நினைக்கிறவங்க நல்ல விதையை அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டு, புழு தின்கிற விதையைத் தன் நிலத்துல போட்டுக்க மாட்டாங்க.”

அண்ணன் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“மருந்து அடிக்கலாம்னு நீங்க சொல்லியிருப்பீங்க. அவங்க வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க. ஏன்னு கேட்டீங்களா?” என்றார் மேடம்.

“கேட்கலை” என்றார் அவர். “கேட்டா அவ வாயால அதைக் கேட்க வேண்டியிருக்குமேன்னு கேட்கலை.” பிறகு மனைவியிடம், “ஏன் அப்படிப் பண்ணின?” என்றார்.

“இங்க வேண்டாம்” என்றாள் அண்ணி. வாளியை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கவிழ்த்தாள். கையைத் துடைத்தாள். “கூட்டம் எங்க நடக்குது?”

*

சங்கக் கூடத்தில் நாற்காலிகள் போதாமல் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். மின்விசிறிகள் சுற்றியும் புழுக்கம் குறையவில்லை. ஹோட்டல்காரம்மா முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது.

மேடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். மருந்து இல்லை, விதைதான். அடைக்கலத் தோட்டத்தில் நின்றது விஷப் பருத்தி. சாதாரணப் பருத்தி வேறு இடத்தில் நிற்கிறது, புழுவோடு, மருந்து படாமல்.

தலைவர் கனத்த உடம்புக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யார் மாத்தினாங்கன்னு அப்புறம் பேசலாம். அந்த இன்னொரு நிலம் எவ்வளவு தூரம்?”

“வாய்க்காலுக்கு அந்தப்பக்கம்.”

“ஓரத்துல இருக்கிறவங்க நிலத்துக்கு அந்தப் பூச்சி வந்து சேரும். நடுவுல இருக்கிறவங்களுக்கு வராது.” அவர் மனதுக்குள் வரைபடத்தைப் பார்ப்பது தெரிந்தது. “ஹோட்டலைச் சுத்தி இருக்கிற நிலத்துல எல்லாம் செடியைப் பிடுங்கணும். அடுத்த தலைமுறை அந்து கிளம்புறதுக்குள்ள. வேற வழி இல்லை.”

கூடத்தில் முனகல் எழுந்தது. பிடுங்கப்படும் நிலங்களின் சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வருட உழைப்பு. பின்வரிசையிலிருந்து ஒருவர், “யார் மாத்தினதுன்னு இப்பவே சொல்லுங்க” என்றார்.

அண்ணன் எழுந்தார். அண்ணி அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

“நான்” என்றாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, முதல் வரிசையைப் பார்த்தாள். “புழு திங்கிறதுக்குன்னு ஒரு நிலம் ஒதுக்கி, அதை நாத்தனார்கிட்ட கொடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டப்போ, அவளுக்காகப் பேச ஆள் இல்லைன்னுதானே கொடுத்தாங்கன்னு நினைச்சேன். பேச வேண்டிய வீடு எங்க வீடு. அவ பெட்டியோட வாசல்ல வந்து நின்னப்போ வீட்டுல இடம் இல்லைன்னு சொன்னவ நான். இடம் இருந்துச்சு. பின்பக்க அறை காலியாதான் கிடந்துச்சு. புதுசா ஒருத்தி வந்து வீட்டுல உரிமை எடுத்துக்குவாளோன்னு பயந்தேன். அதுக்கப்புறம் அந்த அறைக்குள்ள போகும்போதெல்லாம் உடம்பு கூசும். நேர்ல போய் மன்னிப்புக் கேட்க வாய் வரலை. ஒரு வருஷமாவது அவ செடி நல்லா இருக்கட்டும், அவ புழுவை நான் தாங்கிக்கிறேன்னு நினைச்சேன். இவ்வளவு பேர் வயித்துல அடிப்பேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

ஸ்பீக்கர் எதையோ சொல்ல வாயெடுத்தான். மேடம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவனே வாயை மூடிக்கொண்டான்.

ஹோட்டல்காரம்மா எழுந்து நின்றாள்.

“அறை காலியா இருந்தது எனக்குத் தெரியும் அண்ணி” என்றாள். “அன்னைக்குத் திரும்பிப் போகும்போது ஜன்னல் வழியா பார்த்தேன். கட்டில் போட்டு வெறுமனே இருந்துச்சு.”

அண்ணியின் கை முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது.

“அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அண்ணன்கிட்டகூட. ஆனா ஒண்ணு கேளுங்க. இந்த நிலத்தை யாரும் என் தலையில கட்டலை. நானா கேட்டு வாங்கினேன். தலைவர் இருக்கார், கேளுங்க.”

தலைவர் தலையை ஆட்டினார். “வேற யாரும் கை தூக்கலை. அவங்க மட்டும்தான் தூக்கினாங்க.”

“எல்லாரும் புழு ஹோட்டல்னு சிரிப்பாங்க. எனக்கு அது உறைச்சதே இல்லை. இத்தனை பேரோட பயிரும் என் தோட்டத்தை நம்பி நிக்குதேன்னு இருக்கும். என்னை நம்பி ஒண்ணு நிக்கிறது எனக்கு அதுதான் முதல் தடவை. நீங்க என்னைப் பார்த்துப் பாவப்பட்டு அதை எடுத்துட்டீங்க. ஒரு வார்த்தை கேட்கலை.” அவள் குரல் உயரவில்லை. “அன்னைக்குக் கதவைச் சாத்தினப்போகூட எனக்கு இவ்வளவு கோபம் வரலை அண்ணி.”

அண்ணி நின்றபடியே அழுதாள். துடைத்துக்கொள்ளவில்லை. அவளை உட்காரச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். ஹோட்டல்காரம்மா மருந்து அடித்தாள் என்று தான் சொன்னது தவறு என்று, எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். நிலம் அவளிடமே இருக்கும். நாளை மறுநாள் பிடுங்க ஆரம்பிக்க வேண்டும். கிடங்கிலிருந்து இனி யாரும் விதையை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அண்ணியின் நிலத்தில் மட்டும் யாரும், எந்தக் காரணத்துக்கும், ஒரு சொட்டு மருந்து அடிக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் இப்போது மிச்சமிருக்கும் நல்ல புழு அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்தது. போகிறபோது ஒருவரும் அண்ணியிடம் பேசவில்லை. அவள் அதை எதிர்பார்த்தவள்போல ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

வெளியே வண்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர், “நாம ஜெயிச்சோமா மேடம்?” என்று கேட்டான்.

“நிரபராதின்னு நிரூபிக்கச் சொன்னாங்க. நிரூபிச்சோம்.”

“அதைக் கேட்கலை.”

“தெரியும்” என்றார் மேடம். கண்ணாடியைக் கழற்றி நூல் கட்டிய இடத்தைச் சரிசெய்தார். “அந்த அம்மாகிட்ட ‘கவிழ்க்கவா செஞ்சீங்க’ன்னு கேட்டேன் பாரு. டீக்கடைப் பேச்சை எடுத்துட்டுப் போய்க் கேட்டேன்.”

“டீக்கடைப் பேச்சைக் கொண்டுவந்தவன் நான்” என்றான் ஸ்பீக்கர். அதற்கு மேல் அவனிடம் நகைச்சுவை இல்லை.

கூடத்து வாசலில் ஹோட்டல்காரம்மா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். படிக்குக் கீழே அண்ணனும் அண்ணியும் நின்றிருந்தார்கள். அவர்களைக் கடந்து பாதி தூரம் போனவள் நின்று திரும்பினாள்.

“உங்க நிலத்துல ஒரு செடிக்கு எத்தனை புழு இருக்கு?”

அண்ணி விழித்தாள். “எண்ணிப் பார்க்கலை.”

“எண்ணணும். குறைஞ்சா உடனே தெரியணும். காலையில வர்றேன்.”

“வீட்டுக்கா?”

“புழுவைப் பார்க்க வர்றேன். உங்களைப் பார்க்க இல்லை.”

“எத்தனை மணிக்கு?” என்றாள் அண்ணி.

“வெயில் ஏறுறதுக்கு முன்னாடி.”

அண்ணி தலையாட்டினாள். ஹோட்டல்காரம்மா திரும்பி நடந்து, சாலையைக் கடந்து, பருத்திக்குள் இறங்கி மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றாள்.